பிசுக்கக்கா வெயில் பார்க்காத வேன்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய வங்கிப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். மற்ற எல்லோருக்கும் அவள் பிசுக்கக்கா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும், "என்னப்பா, உன் வண்டியும் ஒட்ட ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு, கையைத் துடைத்தபடி வெளியே வருவாள்.

ஒட்டுகிறதை ஒட்டாமல் செய்வதுதான் அவள் பிழைப்பு. காரில் முன்கண்ணாடிக்குக் கீழே நீளமாக ஓடுகிற டேஷ்போர்டு இருக்கிறதே, அது வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்தால் ஒரு கட்டத்தில் இளகிவிடும். மெத்தென்று இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்குக்குள் சேர்த்த பசை, சூடு தாங்காமல் மேலே கசிந்து வரும். விரல் வைத்தால் விரல் ஒட்டும். தூசி ஒட்டும், ஈ ஒட்டும், மறந்துபோய் வைத்த பேப்பர் ஒட்டும். வண்டிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலிருக்கிற ஏதோ ஒரு எண்ணெயை எடுத்துத் தடவுவான். ஒரு நாள் பளபளவென்று இருக்கும், நாலாம் நாள் முன்னைவிட மோசமாகும். அப்புறம்தான் இவள் ஞாபகம் வரும். "ஏம்ப்பா, இது டேஷ்போர்டா இல்ல உன் தலையா, எண்ணெய் வச்சுப் படிய வார்றதுக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை சுத்தம்.

ஆரம்பத்தில் ஒரு சீட் கவர் கடையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள், பிறகு தனியாக இந்தக் கடையைப் போட்டாள். நடுவில் கல்யாணம் என்று ஒன்று நடந்து, இரண்டே வருஷத்தில் அது நடக்காதது மாதிரியும் ஆகிப்போனது. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாமும் கிளற வேண்டாம். அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபது. அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து, ஓட்டுநர் லைசென்ஸ் வாங்க வரிசையில் நின்றது வரை எல்லாம் அவள்தான். தம்பி ஒரு கம்பெனியில் ஊழியர்களை ஏற்றி இறக்குகிற வேனை ஓட்டுகிறான். பெண்டாட்டி, இரண்டு வயதுப் பெண் குழந்தை என்று குடும்பமாகிவிட்டான். இருந்தாலும் அக்கா கண்ணுக்கு அவன் இன்னும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிற பயல்தான்.

அவள் வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் பிரஷ் போட்டுத் தூசியெடுப்பாள். அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. அப்புறம் ஸ்பிரிட் தொட்ட பருத்தித் துணி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடவை. அழுத்தினால் தோல் உரிந்துவிடும், விட்டால் பசை போகாது. துணியில் கறுப்பாகத் தார் மாதிரி வந்துகொண்டே இருக்கும். வருவது நின்ற பிறகு ஒரு நாள் முழுக்க நிழலில் கதவைத் திறந்து போட்டுக் காயவிடுவாள். கடைசியில் வெயில் தாங்குகிற ஒரு பூச்சு. அதில் மினுக்கமே இருக்காது, பூசினதே தெரியாது. மினுக்கம் கேட்டு யாராவது அடம் பிடித்தால், "மினுக்கணும்னா வேற கடைக்குப் போ" என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவாள்.

இதெல்லாம் முடிந்தாலும் வண்டியைக் கொடுத்துவிட மாட்டாள். சாயங்காலம் வெயில் சாய்கிற நேரத்தில் வண்டியை மேற்குப் பார்த்து நிறுத்தி, ஓட்டுகிற சீட்டில் தானே ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்ப்பாள். அதற்கு 'வெயில் பார்க்கிறது' என்று பெயர். டேஷ்போர்டு கொஞ்சம் மினுங்கினாலும் அந்த வெளிச்சம் கண்ணாடியில் ஏறி, எதிரே இருப்பதை மறைத்துவிடும். ரோடு தெளிவாகத் தெரிந்தால்தான் வண்டி வெளியே போகும். மேகம் மூடினால் மறுநாள்வரை வண்டி அவளிடம்தான். அவசரமென்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் போனில் கத்தியிருக்கிறார்கள். "சூரியனுக்குப் போன் போடுங்க, நான் என்ன பண்ண?" என்று வைத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் வெயில் பார்க்காமல் விட்டாள். அது தம்பியின் வேன்.

ஒரு நாள் காலையில் தம்பி வந்து நின்றான். "அக்கா, டேஷ்போர்டுல கைய வைக்க முடியல. ட்ரிப் சீட்டு ஒட்டிக்கிட்டுக் கிழிஞ்சு வருது. மேனேஜர் திட்றார். மூணு மணி ட்ரிப்புக்கு வண்டி வேணும்" என்றான். மூணு மணிக்குள் எப்படி முடியும்? முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பாள். ஆனால் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "புதுசு மாதிரி இருந்தா மேனேஜர் வாயை அடைச்சிடலாம்க்கா" என்றானா, மனசு கரைந்துவிட்டது. சோப்புத் தண்ணீரில் மட்டும் துடைத்தாள். ஸ்பிரிட் வேலையைத் தொடவே இல்லை. மிச்சமிருந்த பிசுக்கை மறைக்க, யாரோ சாம்பிளுக்குக் கொடுத்து அலமாரிக்குப் பின்னால் கிடந்த மினுக்கு பாட்டிலை எடுத்துத் தாராளமாகத் தடவினாள். வேன் டேஷ்போர்டு கல்யாண மாப்பிள்ளை ஷூ மாதிரி மின்னியது. தம்பிக்கு வாயெல்லாம் பல். "அடுத்த வாரம் ரெண்டு நாள் விடுடா, ஒழுங்காப் பண்ணித் தரேன்" என்றாள். அடுத்த வாரம் அவனும் வரவில்லை, அவளும் கேட்கவில்லை.

வேனைக் கொடுத்த பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு, கம்பெனி ரோட்டு வளைவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தபால்காரரை, தம்பி ஓட்டிவந்த அந்த வேன் இடித்துத் தள்ளியது. தபால்காரருக்கு ஒரே காலில் இரண்டு இடத்தில் முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிரேக்கே போடாமல் போய் இடிக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? தூங்கிவிட்டான் என்று கம்பெனியில் முடிவு கட்டிவிட்டார்கள். தூங்கினவன் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் லைசென்ஸ் போகும், வேலை போகும், அப்புறம் எந்த ஜென்மத்திலும் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வேனே பிசுக்கக்கா கடை வாசலில் வந்து நின்றது. கம்பெனியின் வேறொரு டிரைவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, "போக்குவரத்து அதிகாரி சாயங்காலம் வண்டியைப் பார்க்க வர்றாராம். உள்ள ஒரே பிசுக்கு. சுத்தம் பண்ணி நாலு மணிக்குள்ள ஷெட்டுக்கு அனுப்பச் சொன்னார் மேனேஜர்" என்று சாவியைக் கொடுத்தான்.

அக்கா அந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். முன்பக்கம் ஒரு சின்ன நெளிவு, அவ்வளவுதான். கதவைத் திறந்து டேஷ்போர்டில் விரலை வைத்தாள். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. தூசியெல்லாம் மேலே அப்பிக் கிடந்தாலும் அதற்கு அடியில் அந்த மினுக்கம் அப்படியே இருந்தது. அவள் கையால் போட்ட மினுக்கம்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி பெண்டாட்டி வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"அண்ணி, நீங்களாவது கேளுங்க. தூங்கலேன்னு குழந்தை தலையில அடிச்சுச் சத்தியம் பண்றார். அப்ப என்னதாங்க ஆச்சுன்னா வாயத் திறக்க மாட்டேங்கிறார். வெயில் வெயில்னு ஒரே வார்த்தை. வெயில் மறைக்கக் கண்ணாடிக்கு மேல தொப்பி மாதிரி இருக்குமே, அந்த மடக்குப் பலகையை இறக்கி விட்டிருந்தேங்கிறார், அப்ப வெயில் எப்படிக் கண்ணுல அடிக்கும்னு மேனேஜர் கேக்கிறாராம். அதுக்கும் பதில் இல்ல. இன்னைக்கு அந்த ஆபீசர் முன்னாடியும் இப்படிக் கல்லு மாதிரி நின்னார்னா நாங்க தெருவுலதான் நிக்கணும்."

"வேற ஒண்ணுமே சொல்லலியா?"

"ராத்திரி தூக்கத்துல ஒரு தடவை உளறினார். கண்ணாடி பூரா வெள்ளைத் துணி போத்தின மாதிரி இருந்துச்சுன்னு. எழுப்பிக் கேட்டா, நான் ஒண்ணும் சொல்லலியேங்கிறார்."

அக்கா பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷம் வெயில் பார்த்தவளுக்கு அந்த வெள்ளைத் துணி என்னவென்று தெரியாதா? சூரியன் நேரே கண்ணில் அடித்தால் பலகை மறைக்கும். கீழே டேஷ்போர்டிலிருந்து கண்ணாடிக்கு ஏறுகிற வெளிச்சத்தை எந்தப் பலகை மறைக்கும்? அடிப்பாவி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஒரு மனிதனின் காலை நீ ஒடித்திருக்கிறாய். பழி உன் தம்பி தலையில்.

"என்ன அண்ணி?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"ஒண்ணுமில்ல. நீ குழந்தையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. நான் பார்த்துக்கறேன்." பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. எதைப் பார்க்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் தெரு திரும்பியதும் அக்கா தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், கண்ணாடியில என்னடா தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியலக்கா. வெயில்."

"வெயில் எங்கிருந்து வந்துச்சு? மேல இருந்தா, கீழ இருந்தா?"

குழாயடியில் நிற்கிறான் போல, தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்கிறேன்ல? எத்தனை நாளா அப்படி இருந்துச்சு?"

"நீ போட்டுக் கொடுத்த மறுநாள்ல இருந்தேக்கா. அந்த வளைவுல மட்டும்தான், ஒரு நிமிஷம். உங்கிட்டச் சொன்னா நீ வருத்தப்படுவேன்னு... மெதுவாப் போனாப் போதும்னு நினைச்சேன்."

"ஏண்டா, இதை அங்க சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொன்னா? யாரு பூசினான்னு கேப்பாங்க. நம்ம கம்பெனி வண்டியே மாசம் ஆறேழு உங்கிட்ட வருது. ஒரு கம்பெனி நிறுத்துனா மத்தவனும் நிறுத்துவான். உன் கடை அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, வண்டி உங்கிட்டத்தானே இருக்கு. துடைச்சிடு. பேசாம துடைச்சு அனுப்பிடு. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

"நீ சமாளிச்சுக் கிழிச்ச" என்று போனை வைத்தாள்.

இப்போது மணி பதினொன்று. வேலை அவள் முன்னால் கிடக்கிறது. செய்யச் சொல்லித்தான் வண்டியே வந்திருக்கிறது. யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. துடைத்தால், கேட்ட வேலையைச் செய்தாள் என்பதோடு முடிந்தது. துடைக்காவிட்டால் இருபது வருஷமாக ஊசியும் துணியுமாகச் சேர்த்த பேர் ஒரு சாயங்காலத்தில் போய்விடும். அந்தக் கடையை விட்டால் அவளுக்குத்தான் வேறு என்ன இருக்கிறது? அவள் எழுந்து ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள். துணியைத் தொட்டாள். டேஷ்போர்டின் இடது ஓரத்தில், பழக்கம்போல உள்ளங்கை அகலத்துக்குத் துடைக்க ஆரம்பித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, கை அது பாட்டுக்கு வேலை செய்தது. கறுப்பாக வந்தது, துணியை மடித்தாள், மறுபடி வந்தது, மறுபடி மடித்தாள். நாலாம் மடிப்பில் வருவது நின்று, அந்த இடம் மட்டும் மினுக்கமில்லாமல், வெறும் கறுப்பாக, சுத்தமாக நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆனது? பத்து நிமிஷம். இப்படிப் பத்துப் பத்து நிமிஷமாக அன்றைக்கே செய்திருந்தால் தபால்காரர் இப்போது வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பார். செய்ய வேண்டிய அன்றைக்குச் செய்யாத வேலையை, தப்பை மறைக்க இன்றைக்குச் செய்கிறாயே, உனக்கு வெட்கமாயில்லை? துணியைத் தூக்கி எறிந்தாள். அது நேரே டீ கிளாஸில் போய் விழுந்தது. "அதுவும் போச்சா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் வண்டியைத் தொடவில்லை. மதியம் சாப்பிடவும் இல்லை. வந்த இரண்டு பேரிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொன்னாள். மூன்றரை மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, வேனைத் தானே ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். மினுங்குகிற அந்த டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊர்ந்து ஊர்ந்து போனாள்.

மேனேஜர் கதவைத் திறந்து பார்த்ததும் குதித்தார். "என்னம்மா இது? காலையில அனுப்பினேன். இவ்வளவு நேரம் வண்டியில தாலாட்டுப் பாடிட்டு இருந்தீங்களா? ஆபீசர் வந்துட்டார்!"

அதிகாரி ஏற்கெனவே வந்து ஷெட் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி, கையில் அட்டையில் கவ்விய காகிதங்கள். அதிகம் பேசுகிற ரகமில்லை. தம்பி சுவரோரம் நின்றிருந்தான். மூன்று நாள் தாடி. அக்காவைப் பார்த்ததும் கண்ணாலேயே கேட்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி டயரைப் பார்த்தார், பிரேக்கை அமுக்கிப் பார்த்தார், வண்டியை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். முடிக்கும்போது மணி நாலே முக்கால்.

"வண்டியில குறை ஒண்ணும் இல்ல" என்றார்.

"அதைத்தான் சார் நானும் சொன்னேன்" என்றார் மேனேஜர். "வண்டி நல்ல வண்டி. ஓட்டினவன்தான் தூங்கிட்டான்."

"குறை இருக்கு சார்" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். "அக்கா!" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு." அவள் அதிகாரியிடம் வந்தாள். "நான் டேஷ்போர்டு வேலை பார்க்கிறவ. இந்த வண்டி டேஷ்போர்டு மேல இருக்கற மினுக்கு நான் போட்டது. பிசுக்க எடுக்காம, மேல பூசி மறைச்சேன். சாயங்கால வெயில்ல அது கண்ணாடிய அடைச்சிடும். நான் சோதிச்சுப் பார்க்காம கொடுத்துட்டேன். இவன் என் தம்பி. இவன் தூங்கல. இவனுக்கு ரோடு தெரியல."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பார்த்தீங்களா சார், தம்பிக்காக அக்கா எவ்வளவு அழகா ஒரு கதை கொண்டு வந்திருக்காங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. "உடன்பிறந்தவங்க சொல்றத நான் எப்படிம்மா எழுதறது?"

"எழுத வேண்டாம் சார். அஞ்சே காலுக்கு அந்தச் சீட்டுல நீங்க உட்காருங்க. போதும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறொரு இடத்துக்குப் போக வேண்டும் என்றார். மேனேஜர், ஆமாம் சார் நேரமாகிறது என்று கூடச் சேர்ந்துகொண்டார். அக்கா நகரவில்லை. அவர் போகிற வழியை மறித்து நின்றாள். அரை மணி நேரம் சார், ஒரு குடும்பத்தோட சோறு சார், என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அது கழிந்த கதையை அவள் இன்றைக்கும் சொல்லமாட்டாள். வேனை ஷெட் வாசலில் மேற்குப் பார்த்து நிறுத்தினாள். அவள் நிறுத்திய நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து சூரியனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஐந்து மணி. ஐந்து ஐந்து. ரோடெல்லாம் சாம்பல் வெளிச்சம். மேனேஜர் போனில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து பத்து. அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்தினார். இருபது வருஷமாக, மேகம் மூடினால் நாளைக்கு வா என்று ஊரையே திருப்பி அனுப்பியவள் அவள். இன்றைக்கு அவளுக்கு நாளை கிடையாது. வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டாள். அது வேண்டுதலா வசவா என்று கேட்டால் இரண்டும்தான்.

"நான் கிளம்பறேம்மா" என்று அதிகாரி எழுந்தபோது, அவர் சட்டையின் மேல் மஞ்சளாக வெயில் விழுந்தது.

"ஏறுங்க சார்!" என்று கத்திவிட்டாள். அவர் திடுக்கிட்டு ஏறினார்.

அக்கா ஓடினாள். வேனுக்கு முன்னால் ஓடி, இருபது அடி தள்ளி ரோட்டில் திரும்பி நின்றாள்.

"பலகையை இறக்கிக்கங்க சார்! இறக்கிட்டீங்களா? இப்பச் சொல்லுங்க, என்ன தெரியுது?"

பக்கத்து ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. "வெள்ளையா இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க? முன்னாடி வந்து நில்லுங்க."

"நான் முன்னாடிதான் சார் நிக்கிறேன்."

மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"எனக்கு இடது பக்கமா நகருங்க பார்ப்போம்" என்றது குரல். ஒரு அடி நகர்ந்தாள். "இல்ல." இன்னொரு அடி. "இல்ல." மூன்றாவது அடி வைத்தபோது, "ஆங், இப்பத் தெரியுது! நில்லுங்க. நல்லாவே தெரியுது. இன்னொரு அடி போங்க... காணோம். இதென்ன, அந்த ஒரு இடத்துல மட்டும் எப்படி?"

"அங்க மட்டும் நான் இன்னைக்குத் துடைச்சேன் சார்." எப்படியும் சொல்ல வேண்டியதுதான். "எல்லாத்தையும் துடைச்சு மறைச்சிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். அப்புறம் முடியல."

அதிகாரி இறங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் மேனேஜரைக் கூப்பிட்டு, "நீங்களும் ஏறிப் பாருங்க" என்றார். மேனேஜர் ஏறினார். இறங்கும்போது அவர் சிரிக்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தம்பி தூங்கினான் என்று எழுதியிருந்ததை அதிகாரி அடித்தார். ஆனால் எத்தனை நாளாக இப்படி என்று தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "கண்ணு தெரியலேன்னா வண்டிய நிறுத்தணும். பத்து நாளா தெரியலேன்னு தெரிஞ்சே ஓட்டியிருக்கீங்க" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று மாதம் லைசென்ஸை எடுத்துவைத்தார்கள். அக்காவை, நடந்ததை அவள் கைப்படவே எழுதித் தரச் சொன்னார் அதிகாரி. எழுதினாள், வங்கிப் புத்தகத்திலிருக்கிற பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டாள். இந்த டேஷ்போர்டைச் சரிசெய்யாமல் வேன் ரோட்டுக்கு வரக்கூடாது என்று உத்தரவு எழுதிவிட்டு அவர் போனார். "இதை மட்டும் முடிச்சுக் கொடுங்க. இனி நம்ம வண்டி எதுவும் அங்க வராது" என்றார் மேனேஜர். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தபால்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மனைவி கொடுத்த தண்ணீரை வாங்கக் கை வரவில்லை. தபால்காரர் பெரிய மனசு பண்ணி மன்னித்தார் என்றெல்லாம் இல்லை. "உங்க தம்பி என்னைத் தூக்கும்போது தெரியலையே தெரியலையேன்னு அழுதான். பொய் சொல்றான்னு நினைச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று மாதத்துக்கு வாரம் இரண்டு தடவை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவிடுவது தன் பொறுப்பு என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்புறம் வேனுக்கு வந்தாள். இரண்டு நாள். உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாக, வலது ஓரம் வரைக்கும். கறுப்பான துணிகள் ஒரு வாளி சேர்ந்தன. கதவைத் திறந்துபோட்டுக் காயவிட்டு, வெயில் தாங்குகிற பூச்சைப் போட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுத்தாள். நிறுத்தும்போது கண்ணாடிக்கு உள்பக்கம் வைக்க ஒரு மறைப்பு அட்டையும் அளவெடுத்து வெட்டினாள். மினுக்கு பாட்டில் குப்பைக்குப் போனது.

திங்கட்கிழமை சாயங்காலம் தம்பி வந்தான். ஓட்டக்கூடாது, உட்காரலாமல்லவா? வேன் கடை வாசலில் மேற்குப் பார்த்து நின்றது. மேகமே இல்லை. "ஏறுடா. இந்தத் தடவை நீ வெயில் பாரு" என்றாள்.

அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் இருபது அடி முன்னால் போய் ரோட்டில் நின்றாள். வெயில் அவள் முதுகில் சுட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியுதாடா?"

பதில் இல்லை. "டேய்! தெரியுதா இல்லையா, வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!"

"தெரியுதுக்கா" என்றான் உள்ளேயிருந்து. குரல் கம்மியிருந்தது. "நீ முந்தானையில மூக்கைத் துடைக்கிறியே, அதுகூட நல்லாத் தெரியுது."

"போடா, லூசுப் பயலே" என்றாள். நகரவில்லை, அங்கேயே நின்று இன்னொரு தடவை துடைத்துக்கொண்டாள்.